வார்டுக் கூட்டத்தில் ஒரு கதிரை

லண்டனில் உங்கள் தெருவுக்கு வரும் பொலிஸ்காரர் அடுத்த சில மாதங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் தமிழ் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. ஒவ்வொரு வார்டுக்கும் ‘வார்டு பனல்’ என்று ஒரு குழு இருக்கிறது. வருடத்தில் நாலு தடவையாவது நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ கூடும். வார்டுக்குப் பொறுப்பான பொலிசார் வந்து நடந்ததைச் சொல்வார்கள். அப்புறம் வந்திருப்பவர்கள் சேர்ந்து பெரும்பாலும் மூன்று முன்னுரிமைகளைத் தெரிவு செய்வார்கள். வீடுடைப்பு, போதைப்பொருள் விற்பனை, பள்ளி விடும் நேரத்துச் சண்டை, இப்படி ஏதாவது. அந்த மூன்றுக்குள் வராத விஷயத்துக்கு அவர்களிடம் மிஞ்சுகிற நேரம் குறைவு.

நான் போன முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் அநேகமாக ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். நல்ல மனிதர்கள்தான், ஊருக்காக நேரம் ஒதுக்குகிறார்கள். ஆனால் அன்றைக்குப் பெரும்பகுதி நேரம் நடைபாதையில் கார் நிறுத்துவதைப் பற்றியே கதைத்தார்கள். அதற்கு முந்தின கிழமைதான் பஸ் தரிப்பிடத்தில் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். அது நிகழ்ச்சிநிரலின் அடியில் ‘வேறு விடயங்கள்’ என்பதற்குள் கிடந்தது. பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிறவர் என்று அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு யார் வருவது? கடைக்காரர் கடையில் நிற்பார். இரவு வேலைக்காரர் வெளிக்கிட்டுக் கொண்டிருப்பார். தாய்மார் சமையலுக்கும் ரியூஷனுக்கும் இடையில் ஓடுவார்கள்.

ஜனவரி வந்தால் கவுன்சிலர்கள் சால்வையோடு எங்கள் பொங்கல் பானைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் படத்துக்கு நிற்கிற உறவு வேறு, பாதீட்டில் பங்கு கேட்கிற உறவு வேறு. இரண்டாவதுக்குத்தான் எங்களிடம் ஆட்கள் குறைவு. அந்தக் குறையோடு சில வருடம் மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டதை, லண்டனின் மற்றப் பரோக்களில், அதாவது மற்றக் கவுன்சில் பகுதிகளில், இருக்கும் தமிழ்ப் பெற்றாருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். எங்கள் பரோவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அந்த அதிகாரிகளோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில், யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற விஷயம். தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சில், கத்திக்குத்து என்றால் பொலிஸ் என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலையும் பொலிசையும் ஒரே மேசையில் இருத்தியது. பின்னாளில் சுகாதாரத்துறை, தீயணைப்பு, நன்னடத்தைப் பிரிவு எல்லாம் அந்த மேசைக்கு வந்தன. சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முக்கியமானது. கவுன்சில் எந்த வேலையைச் செய்தாலும் அதனால் குற்றம் கூடுமா குறையுமா என்று யோசித்தே செய்ய வேண்டும் என்கிறது. பூங்காவைப் பூட்டுகிற நேரமும் இதற்குள் வரும், இளைஞர் மண்டபத்தை மூடுகிற முடிவும் வரும். 2022இல் வந்த இன்னொரு சட்டம், கடும் வன்முறையைத் தடுக்கத் திட்டம் போட வேண்டியதை இவர்கள் எல்லோருக்கும் கடமையாக்கியது. அது 2023 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது.

‘அது பொலிஸ் விஷயம்’ என்று ஒரு கவுன்சில் அதிகாரி கையை விரித்தால், ‘17ஆம் பிரிவின்படி உங்கள் பங்கு என்ன?’ என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் அந்தப் பஸ் தரிப்பிடத்தைப் பற்றி அப்படித்தான் கேட்டோம். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த வேலி முதலில் வெட்டுப்பட்டது. விளக்கு மாற்றினார்கள். பள்ளி விடுகிற நேரத்தில் இளைஞர் பணியாளர்கள் அங்கே நிற்கத் தொடங்கினார்கள். பெரிய விஷயமில்லை என்று தோன்றும். அந்த வேலிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும்.

அடுத்தது, எங்களுக்குள்ளேயே இருக்கிற சிக்கல். இளைஞர் வன்முறை என்று கதையை எடுத்தவுடன் வருகிற பதில், ‘எங்கட பிள்ளையள் அப்படி இல்லை.’ லண்டனில் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு நினைவிருக்க வேண்டும். 2000களில் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் தமிழ்ப் பெடியள் கோஷ்டி கோஷ்டியாக வெட்டிக்கொண்டார்கள். லண்டனின் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் இதற்கென்றே ‘ஒப்பரேஷன் என்வர்’ என்று ஒரு நடவடிக்கையை நடத்தியது. அந்தப் பெடியளில் பலர் போரிலிருந்து தனியே வந்து சேர்ந்தவர்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவில்லை, வேலைக்கு அனுமதியில்லை, கண்டிக்க வீட்டில் ஒரு பெரியவர் இல்லை. இன்று கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி என்னென்ன சொல்கிறார்களோ அதையெல்லாம் அன்று எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்கள்.

இதை எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றார் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தகப்பன் எழும்பினார். “அக்கா, உந்தக் காப்பிலிப் பெடியளைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டா எல்லாம் சரிவரும். பொலிசைக் கூட்டச் சொல்லுங்கோ.” தலையாட்டியவர்கள் நிறையப் பேர். அந்த வருடக் கடைசியில் அதே தகப்பன் இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தார். ரியூஷன் முடிந்து வந்த மகனைப் பொலிஸ் மறித்துச் சோதித்திருக்கிறது. “அக்கா, பொக்கற்றுக்குள்ள கல்குலேற்றர்தான் இருந்தது. பெடியன் சாப்பிடமாட்டன் எண்டு கிடக்கிறான்.” அன்றைக்கு நான் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. சோதனைப் பதிவின் பிரதியை வாங்கினீர்களா என்று மட்டும் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே, இதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். மறித்துச் சோதிக்கிற பொலிஸ்காரர் தான் யார், எந்த நிலையம், எந்தச் சட்டத்தின் கீழ் சோதிக்கிறார், எதைத் தேடுகிறார், எதனால் சந்தேகம் என்பதைச் சொல்ல வேண்டும். சோதனைக்காக மட்டும் நிறுத்தினால் பெயர், முகவரி சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. பதிவின் பிரதியை அங்கேயே கேட்கலாம், மூன்று மாதத்துக்குள் பிறகும் கேட்டு வாங்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 60ஆம் பிரிவு அமலில் இருக்கும் இடத்தில், அமலில் இருக்கும் நேரத்தில் மட்டும், தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே சோதிக்கலாம். அப்போதும் 60ஆம் பிரிவின் கீழ்தான் சோதிக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளை செய்யக்கூடாதவை இரண்டே இரண்டு: ஓடுவதும் கையைத் தட்டிவிடுவதும். முறைப்பாட்டைப் பெரியவர்கள் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். லண்டனில் பரோக்கள் தோறும் இந்தச் சோதனைகளைக் கண்காணிக்கிற குடிமக்கள் குழுக்கள் இருக்கின்றன. பொலிசாரின் உடலில் மாட்டிய கமெரா பதிவுகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதும் உண்டு. அங்கேயும் கதிரைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. அந்தத் தகப்பன் இப்போது அந்தக் குழுவில் இருக்கிறார். வாயைக் கொஞ்சம் அடக்கிக் கதைக்கப் பழகியிருக்கிறார்.

தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு இளைஞர் பணியாளர்களைக் கூப்பிட்டோம். பெற்றாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கதைப்போம் என்றார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் பெயர் இல்லாமல் பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஃபோன் பறிகொடுத்த பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே பல பேர். வீட்டில் ‘தொலைந்துவிட்டது’ என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ‘ஏன் அந்தப் பக்கம் போனாய், ஆரோட போனாய்’ என்று விசாரணை வரும், இனி வெளியே விடமாட்டார்கள். பறிகொடுத்தவன் அடுத்த முறை பயத்தில் எதையாவது பையில் வைத்துக்கொண்டு போகிறான். கத்தி வைத்திருக்கிறவர்களில் பயந்தவர்கள்தான் அதிகம் என்று அந்தப் பணியாளர்களில் ஒருவர் சொன்னார், தங்கள் அனுபவத்தில் அப்படித்தான் என்று. அன்றைக்குப் பெற்றார் அறையில் இருந்த அமைதியை நான் அதற்கு முன் எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் கேட்டதில்லை. பிள்ளை இப்படி எதையாவது சொன்னால் முதல் கேள்வி ‘உனக்குக் காயம் இல்லையே?’ என்பதாக இருக்கட்டும். விசாரணையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இஸ்லிங்டனில் பென் கின்செல்லா அறக்கட்டளை கத்தி வன்முறையைப் பற்றி நடத்துகிற பயிற்சிக்கூடத்துக்குப் பள்ளிகளும் இளைஞர் குழுக்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். 2008இல் கொல்லப்பட்ட பதினாறு வயதுப் பையனின் பெயரில் அவன் குடும்பம் தொடங்கியது அது.

இனி இனவெறுப்புச் சம்பவங்கள். எங்கள் ஹை ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணையை ஒரு கூட்டம் மாலை மாலை வந்து ‘பாக்கி’ என்று கத்தி, துப்பி, சாமானைத் தட்டிவிட்டுப் போகும். பொலிசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். “தங்கச்சி, நான் பாக்கிஸ்தானியே இல்லையே, உதில என்னத்தைச் சொல்லுறது?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் ஒரு பழைய பயமும் இருந்தது. சோதனைச் சாவடிகளைக் கண்டு வந்த ஆட்கள் நாங்கள். பொலிசிடம் தானாகப் போய்ப் பெயர் கொடுப்பது புத்திசாலித்தனம் என்று எந்த ஊரிலும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. விசா முடிவாகாதவர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனில் எல்தம் என்ற இடத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஸ்டீவன் லோரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர் வெள்ளையர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். பொலிஸ் விசாரணை எப்படிக் கோட்டைவிட்டது என்பதை ஆராய்ந்த மக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பொலிஸ் அமைப்புக்குள்ளேயே இனவெறி ஊறியிருக்கிறது என்று சொன்ன அந்த அறிக்கை 70 பரிந்துரைகளை வைத்தது. எங்களுக்கு நேரடியாக உதவுவது அதில் ஒன்று. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று உணர்ந்தால் அதை அப்படியே பதிய வேண்டும் என்றது அது. கத்தியவன் என்ன நினைத்தான் என்பது பதிவு செய்ய அவசியமில்லை. நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பதும் அவசியமில்லை.

அந்த அண்ணைக்கு நாங்கள் சொன்னது இதுதான். ஒவ்வொரு முறையும் 101க்கு அழையுங்கள், ஆபத்து என்றால் 999. சம்பவ இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பிதான் பின்னால் உதவியது. தொந்தரவுகளைப் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் மூன்று முறை முறைப்பாடு செய்தும் சரியான நடவடிக்கை இல்லை என்றால், கவுன்சிலும் பொலிசும் கூடி உங்கள் வழக்கை மறுபடி பார்க்க வேண்டும் என்று நீங்கள் கோரலாம். ஒவ்வொரு முறைப்பாட்டையும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், அதனால்தான் கொப்பியில் திகதி முக்கியம். இந்த உரிமையைப் பற்றி அதிகாரிகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். அண்ணை கோரினார். கூட்டம் கூடியது. வந்து கத்தியவர்களில் இருவர் வேறு இரண்டு கடைகளிலும் அதையே செய்திருக்கிறார்கள் என்பது அந்த மேசையில்தான் வெளியே வந்தது.

பதிவு இல்லாவிட்டால் கவுன்சிலின் கண்ணுக்கு நாங்கள் இல்லை. பதிவு இருந்தாலும் பல இடங்களில் இல்லைதான். படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் இருக்கும். ஈழத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ‘வேறு ஆசியப் பின்னணி’யில் புள்ளடி போடுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் நேபாளியும் ஆப்கானியரும் எங்களோடு நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1,25,000 பேர். ஆங்கிலத்தையே முதன்மை மொழி என்று எழுதிய எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை. வழக்கமான இனவாரித் தரவில் நாங்கள் தனியாகத் தெரிய மாட்டோம். மொழிவாரித் தரவு கேளுங்கள், வார்டு வார்டாகக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழ் தெரிந்த ஒரு இளைஞர் பணியாளர் வேண்டும் என்று கேட்டோம்.

இளைஞர் மண்டபத்தை மூடப் போகிறோம் என்று கவுன்சில் சொன்னபோது நாங்கள் கையில் எடுத்தது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு. பொது அமைப்பு ஒன்று முடிவெடுக்கும்போது இனம், வயது, மாற்றுத்திறன் போன்றவற்றால் பாதுகாக்கப்பட்டவர்களுக்கு அதனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே உரிய கவனம் செலுத்த வேண்டும். முடிவெடுத்த பிறகு ஒப்புக்கு ஒரு பக்கம் எழுதி ஒட்டுவது போதாது. ‘இந்த முடிவுக்கான சமத்துவத் தாக்க ஆய்வைத் தாருங்கள்’ என்று கேட்டோம். ஆய்வு வந்தது, அதில் அந்த மண்டபத்துக்கு யார் வருகிறார்கள் என்ற கணக்கே இல்லை. மண்டபத்தை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. கிழமையில் இரண்டு மாலைகள் மட்டும் மிஞ்சின. 2010க்குப் பிறகு நாடு முழுக்க இளைஞர் சேவைகள் வெட்டுப்பட்ட வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு மாலைகளின் பெறுமதி தெரியும்.

அந்தப் போராட்டத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் கானா நாட்டிலிருந்து வந்த ஒரு தாய். அவரில்லாமல் நாங்கள் கவுன்சில் அறிக்கை ஒன்றைக்கூட ஒழுங்காக வாசித்திருக்க மாட்டோம். ஆனால் பொலிஸ் ‘தகவல் தாருங்கள்’ என்று கேட்கிற எந்தப் பட்டியலிலும் அவர் கையெழுத்துப் போட மாட்டார். தொடக்கத்தில் எனக்கு அது விளங்கவில்லை. 2012இல் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் ‘கேங்ஸ் மேட்ரிக்ஸ்’ என்று ஒரு பட்டியல் தொடங்கியது, கும்பல்களோடு தொடர்பு என்று சந்தேகிக்கப்படுகிறவர்களின் பட்டியல். 2018இல் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி அதில் 78 வீதமானோர் கறுப்பினத்தவர்கள். யாரோடு திரிகிறான், எந்தப் பாட்டைப் பகிர்ந்தான் என்பதெல்லாம் ஒருவனை அதற்குள் கொண்டுபோகக் கூடியதாக இருந்தது. பெயர்களை மறைக்காமல் அந்தப் பட்டியலை வெளி அமைப்புகளுக்கு அனுப்பியதற்காக நியூஹாம் கவுன்சிலுக்கு 2019இல் 1,45,000 பவுண் தண்டம் விழுந்தது. பட்டியல் 2024இல் கைவிடப்பட்டது. மெட்ரோபொலிட்டன் பொலிசை ஆராய்ந்து 2023இல் வந்த கேசி அறிக்கை, மக்ஃபர்சன் சொன்னதை 24 வருடத்துக்குப் பிறகும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்குப் பிறகு பொலிசில் நம்பிக்கை வையுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. பிள்ளைக்குப் பாதுகாப்பு, பிள்ளைக்கு நியாயம் என்று கவுன்சிலில் இரண்டு கோப்பாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை.

2024 ஓகஸ்ட்டில் இந்த உறவுகள் கைகொடுத்தன. சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்ட பிறகு குடியேறிகளுக்கு எதிரான கலவரம் ஊர் ஊராகப் பரவியபோது, ஓகஸ்ட் 7ஆம் திகதி தாக்கப்படவுள்ள இடங்கள் என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றியது. ஹரோ, நோர்த் ஃபிஞ்ச்லி, வோல்தம்ஸ்டோ எல்லாம் அதில் இருந்தன. தமிழ்க் குழுக்களில் அது ஒரு இரவுக்குள் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. பழைய வீடியோ, வேறு ஊர் வீடியோ எல்லாம் வந்து சேர்ந்தன. கவுன்சிலின் உத்தியோகபூர்வ மின்னஞ்சல் கடைக்காரர்கள் கதவைப் பூட்டிய பிறகுதான் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். எங்களிடம் வார்டுப் பொலிஸ் அதிகாரியின் இலக்கம் இருந்தது, பள்ளிவாசல் நிர்வாகியின் இலக்கம் இருந்தது. ஒரு ஆள் மட்டும் அவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்தி, தமிழில் குரல் பதிவாகக் குழுக்களில் போடுவது என்று முடிவெடுத்தோம். அன்று இரவு வோல்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் இனவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள், தாக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. உங்கள் பகுதியில் இப்படி ஒரு சங்கிலி இல்லாவிட்டால், எதுவும் நடக்காத ஒரு மாதத்தில் அதைச் செய்து வையுங்கள்.

கடைக்காரர்களுக்குச் சுருக்கமாக: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தி விற்பது குற்றம், சமையல் கத்தியும் அதில் அடங்கும், சிறையும் உண்டு. கவுன்சிலின் வணிகத் தரப் பிரிவு சிறுவர்களை அனுப்பிச் சோதித்துப் பார்க்கும். கத்தியைத் திறந்த தட்டில் தொங்கவிடாமல் கவுண்டருக்குப் பின்னால் வையுங்கள். இன்னொன்று, 2008இல் லூயிஷாமில் ஒரு பேக்கரிக்குள் ஜிம்மி மைசன் என்ற பதினாறு வயதுப் பையன் கொல்லப்பட்ட பிறகு, சிட்டிசன்ஸ் யூகே அமைப்பு ‘சிட்டிசேஃப்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. துரத்தப்படுகிற பிள்ளை உள்ளே ஓடி வந்தால் கதவைப் பூட்டிப் பொலிசை அழைக்கிறோம் என்று கடைகள் ஒப்புக்கொண்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். எங்கள் தெருவில் முதலில் ஒப்புக்கொண்டது அந்தக் கொப்பி அண்ணைதான்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது. கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள், ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வி போதும். கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வியும், அதற்குப் பொறுப்பெடுத்தவரின் பெயரும், திகதியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திருத்தச் சொல்லுங்கள். பதில் இழுபட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள், இருபது வேலைநாட்களுக்குள் தர வேண்டும். கூட்டத்தை ஏழு மணிக்கு நூலகத்தில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வருடத்தில் ஒரு கூட்டமாவது எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரத்தில் நடக்கிறது. அன்றைக்குக் கதிரை போதாது. இப்போது நாங்கள் எழுதி அனுப்பியிருக்கிற கேள்வி, மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த இரண்டு மாலைகளுக்கும் தமிழ் தெரிந்த பணியாளருக்கும் பாதீட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது. பதில் இன்னும் வரவில்லை.